ஊசி திருப்பிச் சொல்லாத பதினாறு வரி

இப்போது பாட்டு கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். விரலால் ஒரு தட்டு தட்டினால் உலகத்தில் இருக்கிற ராப் எல்லாம் வந்து கொட்டுகிறது. நாங்கள் ஒரு பாட்டைப் பிடிக்கப் பட்ட பாடு அவர்களுக்கு எங்கே தெரியும்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரேடியோவில் அரை மணி நேரம் ஹிப்ஹாப் போடுவார்கள். ரெக்கார்ட் பட்டனில் ஒரு விரலும் பாஸ் பட்டனில் ஒரு விரலுமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பாட்டு முடிவதற்குள் அறிவிப்பாளர் வாயைத் திறந்துவிட்டால், அவருடைய ஏழு தலைமுறையும் எங்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும்.

நாங்கள் என்றால் நானும் ஊசியும். ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பு; நான் முதல் மாடி, அவன் மூன்றாவது மாடி. ஒல்லி என்பதால் அவனுக்கு ஊரே வைத்த பேர் ஊசி. எனக்கு நானே வைத்துக்கொண்ட பேர் டாக்டர் இடி. எதற்கு டாக்டர் என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

ஊசி ஒரு மேதை. பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் நாலு நொடி டிரம்ஸ் மட்டும் வருமே, அதை இரண்டு டேப் ரெக்கார்டர் வைத்துத் திரும்பத் திரும்பப் பதிந்து மூன்று நிமிஷத்துக்கு நீட்டுவான். நாற்பத்தைந்து தடவை பாஸ் பட்டனை அமுக்க வேண்டும். ஒரு தடவை விரல் பிசகினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த டிரம்ஸுக்கு மேலே நாங்கள் வரி சொல்வோம். போட்டிருப்பது அப்பாவின் பேன்ட், தரையெல்லாம் இழுபடும். நாங்கள் இரண்டு தடவை ஏறி இறங்கினால் படிக்கட்டைப் பெருக்க வேண்டாம் என்பாள் என் அக்கா.

அந்த அக்காதான் என் ரகசியம். என் வரிகளை எல்லாம் எழுதியது அவள். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில், பேனாவைக் கடித்துக்கொண்டு, பத்தே நிமிஷத்தில் எழுதித் தந்துவிடுவாள். எதுகை இல்லாமல் திட்டினால் அது வெறும் சண்டை என்பது அவள் கட்சி. கீழே கார் நிறுத்துமிடத்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் போட்டியில் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: சொல்கிற வரி சொந்த வரியாக இருக்க வேண்டும். அடுத்தவர் எழுதிக் கொடுத்தது என்று தெரிந்தால் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு துரத்திவிடுவார்கள். என் தொப்பி மூன்று வருஷம் தலையிலேயே இருந்தது.

கடைசிப் போட்டி எனக்கும் ஊசிக்கும். ஆளுக்குப் பதினாறு வரி. அக்காவுக்குப் பரீட்சை நேரம். பதினாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் படிக்கப் போய்விட்டாள். மீதி இரண்டு வரியை நானே எழுதினேன். வாழ்க்கையில் நானாக எழுதிய ராப் அந்த இரண்டு வரிதான்.

அக்காவின் வரிகளுக்கு ஊசியே சிரித்தான்.

“ஊசின்னு பேரு வச்ச, கோக்கறதுக்கு நூல் இல்ல,
பேச வந்து நிக்கிற, பேச்சுல ஒரு கூர் இல்ல.”

பிறகு என்னுடையது வந்தது.

“டையும் கட்டிப் போறாரு டப்பாவோட அப்பா,
பஸ் ஸ்டாண்டு பெஞ்சுலதான் ஆபீஸு, தப்பா?”

அவன் அப்பாவுக்கு வேலை போய் நாலு மாசம் ஆகியிருந்தது. அக்கம்பக்கத்துக்குத் தெரியக் கூடாதென்று தினமும் டை கட்டி, சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிப் போய்ச் சாயங்காலம் வரை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பார். படிக்கட்டில் வைத்து ஊசி என்னிடம் மட்டும் அழுதுகொண்டே சொன்னது அது.

கூட்டம் அலறியது. மைக் ஊசியின் கைக்குப் போனது. டேப்பில் அவன் செய்த டிரம்ஸ் ஓடிக்கொண்டே இருந்தது. என்னையே பார்த்தான். மைக்கை ஒரு காரின் மேல் வைத்துவிட்டு மாடிப்படி ஏறிப் போய்விட்டான். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். அந்த மாசமே அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். யாரோ பதிவு செய்திருந்த டேப்பைக் கேட்ட அக்கா, அதன்பிறகு எனக்கு ஒரு வரிகூட எழுதித் தரவில்லை. அவனிடம் பதில் இல்லை, அதனால் போனான் என்று இருபத்தாறு வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் ஒருநாள் அவனிடம் மன்னிப்புக் கேட்காமல் எனக்கு நிம்மதி இல்லை என்பதும் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை நான் வேலை செய்யும் கண்ணாடிக் கடைக்கு அவன் வந்தான். ஊசி இப்போது கடப்பாரை ஆகியிருந்தான். கூடவே அவன் அப்பா. கண் பரிசோதிக்கிற அம்மா பெரியவரை உள்ளே கூட்டிப் போனார். அவர் வெளியே வர இருபது நிமிஷம் ஆகும். எனக்கு இருந்தது அந்த இருபது நிமிஷம்தான்.

பழைய டேப் எல்லாம் இன்னும் வைத்திருக்கிறானாம். போட்டுக் கேட்கத்தான் வீட்டில் மெஷின் இல்லையாம். இருவரும் சிரித்தோம். அதிலேயே பாதி நேரம் போய்விட்டது. மனசைத் திடப்படுத்திக்கொண்டேன்.

“உன் டர்ன் இன்னும் அப்படியே இருக்குடா. பதினாறு வரி. என்னை என்ன வேணா சொல்லு.”

அவன் கவுன்ட்டர் கண்ணாடியில் விரலால் தாளம் தட்டினான். அதே நாலு நொடி. தட்டுவதை நிறுத்தினான்.

“பதில் அன்னிக்கே இருந்துச்சு. உனக்கு எழுதித் தர்றது அக்கான்னு தெரியும். ஒருநாள் நோட்டு வாங்க வந்தப்பப் பார்த்தேன்.”

காது சுட்டது. நாற்பத்து மூன்று வயதில், வழுக்கை விழுந்த தலையைத் தொப்பி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன்.

“அப்ப ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா எங்கப்பாவைப் பத்தின ரெண்டு வரியும் அக்கா எழுதுனதுன்னு ஆயிருக்கும். அதை அவங்க எழுதலைன்னு கேட்டவுடனே தெரிஞ்சுது.”

எத்தனையோ வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த மன்னிப்பில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. “நான்தான்டா எழுதினேன், தப்புடா” என்று மட்டும் சொன்னேன். அவன் தலையாட்டினான். யாரோ தன்னைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்துவிட்டு வந்து ஊருக்குச் சொன்னதாகத்தான் அப்பா இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார், அது அப்படியே இருக்கட்டும் என்றான்.

கதவு திறந்து பெரியவர் வந்தார். சீட்டை என்னிடம் நீட்டியவர், என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இடிதானே நீ? ரெண்டு பேரும் என்ன கத்து கத்துவீங்க. அந்த வீட்டை விட்டப்புறம் அந்தச் சத்தம் இல்லாம எனக்கு ரொம்ப நாள் என்னமோ மாதிரி இருந்துச்சுப்பா.”

கண்ணாடி செய்ய ஒரு கருமணிக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்க வேண்டும். தினமும் முப்பது பேருக்கு அளக்கிறேன். எதிரே உட்கார்ந்து, மூக்கின் மேல் அளவுகோலை வைத்தேன்.

“நேரா என் கண்ணைப் பாருங்கப்பா” என்றேன்.

பார்த்தார். அறுபத்து மூன்று என்று எழுதினேன். அதை அடித்துவிட்டு, மறுபடியும் பார்க்கச் சொன்னேன்.