நடக்க வைத்த பழி

என் மாமியார் நஞ்சம்மாள் பெரிதாக ஒன்றும் விழவில்லை. பெருமாநல்லூரில் எங்கள் பனியன் கம்பெனியில், ஸ்டூலில் உட்காரப் போனவர் தரையில் உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான். எழுபத்து மூன்று வயது. வீட்டில் இருங்கள் என்றால் கேட்கிற ஆள் இல்லை. "சும்மா உக்காந்தா ஒடம்பு துருப்புடிச்சுக்கும் கண்ணு" என்று தினமும் என்னோடு வந்து பனியன்களில் நூல் பிசிர் வெட்டுவார்.

ஸ்கேனில் இடுப்பெலும்பு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு இடத்தில் விரிசல் விட்டிருந்தது. எலும்பு கரைந்து சல்லடையாகிவிட்டது என்றார் டாக்டர் ஜனனி.

"ஆபரேஷன் வேண்டாங்க, கட்டும் வேண்டாங்க. வலிக்கு மாத்திரை, எலும்புக்கு ஊசி. நாளைக்கே வாக்கர் புடிச்சு எந்திரிச்சு நிக்கோணும். வலிக்கும், ஆனாலும் நடக்கோணும். படுத்தே கெடந்தா நெஞ்சுல சளி கட்டும், கால்ல ரத்தம் உறையும். அது நுரையீரலுக்குப் போயிருச்சுன்னா உசுருக்கே ஆபத்துங்க."

இதைக் கேட்டது நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரர் குமாரவேல் மருந்து வாங்கப் போயிருந்தார்.

மறுநாள் காலையில் வீட்டில் அத்தையை நான்கு அடி நடக்க வைத்தேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்தாவது அடி வைக்கும்போது தாராபுரத்திலிருந்து என் நாத்தனார் ரங்காத்தாள் வந்து வாசலில் நின்றார்.

"ஏம்புள்ள சித்ரா, இடுப்பொடிஞ்சவளப் போயி நடக்க வெக்கறயே. கம்பெனியில வேலை வாங்குனது பத்தாதா?"

டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"கட்டுக்கூடப் போடாதவ என்ன டாக்டரு" என்று போனைக் கையில் எடுத்தார். மத்தியானத்துக்குள் சொந்தம் முழுக்கச் சேதி போய்விட்டது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே உடைந்ததே மாமியார். பழி யார் தலையில் என்று கேட்க வேண்டுமா?

இருபத்திரண்டு வருஷமாக இந்த வீட்டில் எனக்கு வாயாடி என்றுதான் பேர். கிழவியை நடக்க வைத்துக் கொன்றவள் என்ற பேரையும் சேர்த்துச் சுமக்க எனக்குப் பயமாக இருந்தது. வாக்கரை மடக்கி பீரோவுக்குப் பின்னால் தள்ளினேன்.

சொந்தங்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவரும் "அலுங்காமப் படுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். அவர்கள் பார்க்கும்படி தலையணை முட்டுக் கொடுத்தேன், சோறு ஊட்டினேன், படுக்கையிலேயே எல்லாம் எடுத்தேன். அவர்கள் முகம் கனிவது எனக்குப் பிடித்துப்போனது.

அத்தைக்குத்தான் இஷ்டமில்லை. "அந்த வாக்கர எடு கண்ணு, நடந்து பாக்கறேன்."

"ஞாயித்துக்கிழமை அவிநாசிபாளையத்து மாமன் வர்றாங்களாமா. அவங்க போகட்டுங்க அத்தை."

மாமன் வந்து போனார். பிறகு சம்பந்தி வீடு. பிறகு இன்னொருவர். பத்து நாளில் அத்தை கேட்பதை நிறுத்திவிட்டார். இருமல் மட்டும் ஆரம்பித்தது.

பதினாறாம் நாள் டாக்டர் ஜனனி போன் செய்தார்.

"தெனமும் நடக்கறாங்களா?"

"நடக்கறாங்க."

"கால் வீக்கம் ஏதும் இல்லீங்களே?"

போர்வை விலகியிருந்தது. அத்தையின் இடது கெண்டைக்கால் பளபளவென்று உப்பிக் கிடந்தது. வீக்கம் என்று சொன்னால் படுக்க வைத்ததையும் சொல்ல வேண்டும்.

"இல்லீங்க" என்றேன்.

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போர்வையைத் தானே இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

அந்தப் போன் வந்த மூன்றாம் நாள் ரங்காத்தாள் சாத்துக்குடி உரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அத்தைக்கு மூச்சு இழுத்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் உதடு நீலம் பாய்ந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அரை மணி நேரம் கழித்து டாக்டர் ஜனனி வெளியே வந்தார். "கால்ல உறைஞ்ச ரத்தம் நுரையீரலை அடைச்சிருச்சுங்க. காப்பாத்த முடியல." சற்று நேரம் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தெனமும் நடக்கறாங்கன்னு சொன்னீங்களே?"

நான் வாயைத் திறப்பதற்குள் ரங்காத்தாள் அழுதுகொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நடக்கறதாங்க? எந்தம்பி பொண்டாட்டி இத்தன நாளும் எங்காத்தா காலத் தரையில படவே உடலைங்க. பெத்த மக, நாங்கூட இப்பிடிப் பாத்திருக்க மாட்டேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். குமாரவேலும் பார்த்தார். ரங்காத்தாள் என் கையை விடவே இல்லை.