மூன்றாம் டிரம்மின் ஃபியூஸ் கட்டை

எங்கள் தோல் ஃபேக்டரியில் எழுதி ஒட்டாத விதி ஒன்று உண்டு. டிரம்மைக் கழுவ உள்ளே இறங்குகிறவன், முதலில் அதன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். சுவிட்ச் பலகையில் கட்டை இல்லை என்றால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். லாரி உயரத்துக்கு நிற்கும் மர டிரம் அது. தோலைப் புரட்டி அடிக்க உள்ளே மர முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஆளை வைத்துச் சுற்றினால் என்ன ஆகும் என்று நான் விவரிக்கப் போவதில்லை.

இந்த விதியைக் கெடுத்தவன் ஜோசுவா. மூன்றாம் டிரம் அவன் பொறுப்பு. கழுவி முடித்ததும் கட்டையைத் திரும்ப மாட்டாமல், பையில் போட்டபடியே பேரணாம்பட்டு பஸ் ஏறிவிடுவான். ஒரே மாதத்தில் மூன்று முறை. எலக்ட்ரீஷியன் நான்தான் வேறு கட்டை தேடி அலைவேன். மூன்றாம் முறை எல்லோர் முன்னாலும் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டேன்.

மறுநாள் மேனேஜர் இஷ்தியாக் பாய் என்னைக் கூப்பிட்டு, "ஆளுங்ககிட்ட கொஞ்சம் மரியாதையா பேசுப்பா" என்றார். ஜோசுவாதான் போட்டுக் கொடுத்திருப்பான். வேறு யார்? அவனிடம் கேட்கவில்லை. அன்றோடு பேச்சை நிறுத்தினேன். அவன் இரண்டு முறை போன் செய்தான், எடுக்கவில்லை. எதிரே வந்தால் மோட்டாரைப் பார்ப்பேன். இப்படிப் பதினோரு நாள். உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்தே இருந்தது.

பன்னிரண்டாம் நாள் மதியம் இரண்டரை மணி. காலை ஷிப்ட் முடிந்து அரை மணி ஆகியிருந்தது. போனில் பாய்.

"சுப்பராயா, மூணாம் டிரம்மு ஏன் இன்னும் நிக்குது? வெள்ளைத் தோலு லோடு வந்து காத்துனு இருக்குப்பா. ஜல்தி!"

போய்ப் பார்த்தேன். பலகையில் கட்டை இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான்காம் முறை! டிரம்மின் கதவு சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. சுற்றிப் போய் எட்டிப் பார்க்க இருபது தப்படிகூட இருக்காது. நான் போகவில்லை.

மதிய ஷிப்ட் ஜெயப்பிரகாஷ் தயங்கினான். "ஜோசுவா போய்ட்டானா இன்னான்னு தெரியலண்ணா. ஒருவாட்டி பாத்துடலாமா?"

"இன்னாத்த பாக்குறது? அவன் இந்நேரம் பஸ்ஸுல தூங்கிட்டு இருப்பான்."

புதுக் கட்டையை எடுத்து மாட்டினேன். கரண்ட் வந்து பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஜெயப்பிரகாஷ் பச்சைப் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"இரு" என்றேன்.

நல்ல எண்ணம் ஒன்றும் இல்லை. அவனை நாலு பேர் கேட்க நாறடிக்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். அவன் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டேன். என் போனில் மணி அடித்தது. பிறகு, பக்கத்து டிரம்களின் இரைச்சலுக்கு நடுவே, எங்கள் முன்னால் இருந்த மரத்துக்குள்ளிருந்தும் மெல்லிசாக அடித்தது.

"அண்ணா!" அவன் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "நீயா கூப்புடுவேன்னு நெனக்கவே இல்லண்ணா. கறுப்புச் சாயம் போவவே மாட்டேங்குது, அதான் ஷிப்டு முடிஞ்சும் தேச்சிட்டு இருக்கேன். கட்டைய பத்தி நீ பேஜாராவாதண்ணா. என் பையிலதான் இருக்கு. பத்திரமா இருக்கு."

ஜெயப்பிரகாஷின் விரல் இன்னும் பொத்தான் மேலேயே இருந்தது. அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். நான் கொலை செய்யப் பார்த்திருக்கிறேன். கோபத்தில்கூட இல்லை, வீம்பில்.

"அண்ணா? இன்னும் கோவமா?" என்றான் உள்ளேயிருந்து. "ஒரு வார்த்தை பேசுண்ணா."