உசனாரின் வேலிப் பங்கில் நின்ற நிழல்

1996ஆம் ஆண்டு புரட்டாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு அருமைநாயகத்தை அடக்கம் செய்தார்கள். அவருடைய நிழலை மட்டும் அடக்க முடியவில்லை. அது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், வீரையடி வட்டை என்ற வயல்வெளியின் தெற்கு மூலையில், அக்கரைக் காத்தான்குடி உசனாருக்குரிய வேலிப் பங்கில், தோளில் காட்டுக்கத்தியோடு நின்றுகொண்டிருந்தது. அந்தக் கிழமை ஊரில் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, தயிர் மலிவு. நிழல் காலையில் மேற்கே நீண்டு, உச்சி வெயிலில் கால் இருக்க வேண்டிய இடத்துக்குள் சுருங்கி, பின்னேரம் வாவிப் பக்கமாக விழும். மப்பான நாட்களில் காணக் கிடைக்காது. ஆள் வீட்டுக்குப் போயிருக்கும் என்று சனம் விட்டுவிட்டது.

அருமைநாயகம் தொட்டது எதுவும் துலங்காத மனிதர். தோணி வாங்கினார், வாங்கிய மாதமே அது தண்ணீரில் தாண்டது. கோழி வளர்த்தார், மரநாய்களுக்கு நல்ல காலம் வந்தது. வயல் வேலைகளை மேற்பார்க்கிற வட்டை விதானைப் பதவிக்குப் போட்டியிட்டு ஒரேயொரு வாக்கால் தோற்றார். அந்த ஒரு வாக்கும் அவருடையதுதான். "நல்லரத்தினம் என்னையவிடக் கெட்டிக்காரன், அதுதான் அவனுக்குப் போட்டன்" என்று தோற்ற அன்றைக்கே சிரித்துக்கொண்டு சொன்னாராம். மனைவி கண்ணகை தலையில் அடித்துக்கொண்டாள். இப்படிப்பட்ட ஆளுக்கும் நெசவுத்தறி வைத்து நாலு காசு பார்த்த உசனாருக்கும் எப்படி ஒட்டியது என்று இரு கரையிலும் கேட்டிருக்கிறார்கள். வரம்புக்கு வரம்பு பூமி. இருபது வருடம் ஒரே மரத்தடியில் ஒரே சோற்றுப்பொதியைப் பிரித்துத் தின்றவர்கள், மச்சான் என்றே கூப்பிட்டுக்கொண்டவர்கள். வேறென்ன வேண்டும்?

வட்டைக்கு ஒரு சட்டம் உண்டு. விதைப்புக்கு முன்னால் வட்டையைச் சுற்றி முள்வேலி அடைக்க வேண்டும். பூமிக்காரர் ஒவ்வொருவருக்கும் வேலியில் ஒரு பங்கு. பங்கை அடைக்காதவன் பூமியைக் கைவிட்டவன். கூட்டம் கூடி அதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம். தொண்ணூறாம் ஆண்டு தமிழர், முஸ்லிம்கள் என்று இரு பக்கமும் சாவு விழுந்து, இரு பக்கமும் வெறி பிடித்து, காத்தான்குடியார் வாவியைத் தாண்ட முடியாமல் போனபோது, உசனாரின் பங்கு திறந்து கிடந்தது. அருமைநாயகம் ஒருவரிடமும் கேட்கவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு போய் முதலில் உசனாரின் பங்கை அடைத்தார், பிறகுதான் தன் பங்கு. அதற்குள் மாடு இறங்கிவிடும். இன்னும் அடைக்காத தன் பங்கை ஒட்டிக் கிடந்தது அவருடைய பூமியாதலால் அவருடைய முளையைத்தான் முதலில் தின்னும். ஆறு போகமும் இதே கதைதான். ஒரு வருடமாவது முறையை மாற்றிப் பார்த்திருக்கலாம். மாற்றவில்லை, அந்த மனிசன்!

காத்தான்குடிக்குச் சேதி கொண்டுபோனது புஸ்பம். தயிர்ச் சட்டிகளோடு துறையைத் தாண்டிப் போய்வர இரு பக்கமும் அவளை மட்டும் விட்டார்கள். தொண்ணூற்று மூன்றில் ஒருநாள் உசனார் அவளை மறித்து, "என்ன புள்ள, என்ட பூமி எப்பிடிக் கிடக்கு?" என்று கேட்டார்.

"அருமநாயகம் அண்ணன்தான் நிக்கிறார் காக்கா. ஒவ்வொரு போகமும் உங்கட பங்குலதான் நிக்கிறார்" என்றாள் புஸ்பம். சட்டி விற்கிற அவசரம் அவளுக்கு.

உசனாரின் மூக்கு சிவந்தது. அந்த வருடங்களில் பூமி பறிபோன கதை வீட்டுக்கு வீடு இருந்தது. ஒருவன் இன்னொருவன் பூமியில் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று அவர் நினைத்தார். "தின்னட்டும். இருபது வருசம் என்ட சோத்தத் திண்டவன், இப்ப பூமியையும் திண்டு வயித்த நிரப்பட்டும் எண்டு சொல்லு" என்றார். புஸ்பம் சொல்லைக் குறைக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தாள். அருமைநாயகம் முள்ளை இழுத்தபடியே கேட்டார். "கோவம் வந்தா அவனுக்கு மூக்குத்தான் முதல் சிவக்கும். பாக்க ஏலாமப் போச்சே" என்றார். மறுகா அடுத்த முள்ளை இழுத்தார்.

தொண்ணூற்றாறில், உசனாரின் பங்கில் பாதி அடைத்திருந்தபோது, முள்ளுக் குவியலுக்குள் கிடந்த புடையன் பாம்பு கடித்தது. அன்றைக்குத் துறையில் தோணி ஓட விடவில்லை. ஆள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. நிழல் மட்டும் வேலை முடியாத இடத்தில் நின்றுவிட்டது. ரோந்து வந்த ஆமிக்காரர் அதனிடம் அடையாள அட்டை கேட்டார்கள். கையைத் தூக்கு என்றார்கள், தூக்கியது. மறுநாள் இயக்கப் பொடியன்கள் வந்து, நேற்று அவர்களோடு என்ன கதைத்தாய் என்று விசாரித்தார்கள். இரு பகுதியாரும் இடத்தைக் குறித்துக்கொண்டு போனார்கள். அருமைநாயகம் உயிரோடு இருந்தபோதும் இதற்கு மேல் ஒன்றும் நடந்ததில்லை. வட்டைக் கூட்டத்தில் சிலர் உசனாரின் பூமியைக் கேட்டார்கள். விதானை நல்லரத்தினம் நேரே போய்ப் பார்த்தார். அடைபடாத அந்தப் பாதியில் நிழல் விழுந்த பக்கம் மாடுகள் தலையைத் திருப்பிக்கொண்டு போயின. "மாடு இறங்கல்ல எண்டா அடைச்ச பங்குதான்" என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

புஸ்பம் இதைச் சொன்னபோது உசனார் தறியை நிறுத்தினார். அழுவாரென்று அவள் பார்த்தாள். அவர் கேள்விதான் கேட்டார். நிழலுக்குச் சாரன் மடித்துக் கட்டியிருக்கிறதா? கத்தி எந்தத் தோளில்? மழைக்கு நனையுமா? ஒவ்வொரு கிழமையும் புதுக் கேள்வி, ஒவ்வொரு கிழமையும் வேண்டாத ஒரு சட்டித் தயிர். மனைவி ஆயிஷா உம்மாவுக்குத் தயிரே வெறுத்துப்போனது. கேட்காத கேள்வி ஒன்று மட்டும் இருந்தது: அந்தப் பூமியில் அவன் விதைத்தானா? விதைத்தான் என்றால் கூட்டாளி கள்ளன். இல்லை என்றால் தான் சொன்னது மன்னிக்கக்கூடிய சொல்லா? ஆறு வருடம் அதைக் கேட்கப் பயந்தார்.

2002இல் போர் நிறுத்தம் வந்து, அந்த ஆவணியில் உசனார் துறையைத் தாண்டினார். தன் பூமியில் இறங்கிப் பார்த்தார். இடுப்பளவு புல், நடுவே பன்னிரண்டு வருட வளர்ச்சியோடு ஒரு நாவல் மரம். உழுத தடம் இல்லை, ஒரு பழைய வைக்கோல் துரும்பு இல்லை. கண்ணகை வரம்பில் வந்து நின்றாள்.

"ஒரு பிடி நெல்லும் விதைக்கல்ல காக்கா. சும்மாதானே கிடக்கு, விதைச்சா என்ன எண்டு நான் எத்தின தரம் சண்ட பிடிச்ச. உசனாருக்கிட்டக் கேக்காம எப்பிடி விதைக்கிற எண்டு கேட்டார்."

உசனாரின் மூக்கு சிவந்தது. இந்தத் தடவை கோபம் இல்லை. தெற்கு மூலைக்குப் போய் நிழலின் முன்னால் நின்று, "மச்சான், அண்டைக்குச் சொன்னது பிழ. என்ட வாயில மண்" என்று சொல்லி, வயது வந்த மனிதர் வாய்விட்டு அழுதார். நிழல் அசையவில்லை. அழுது முடித்த உசனார் கண்ணகையிடம் கத்தியை வாங்கிக்கொண்டு முள் வெட்டப் போனார். வெட்டிய முள்ளைத் தன் பங்குக்குக் கொண்டுவரவில்லை. அருமைநாயகத்தின் பங்குக்கு இழுத்துப்போனார். மூன்று பகல் பிடித்தது. கடைசிக் கட்டையைக் கட்டி நிமிர்ந்தபோது, ஆறு வருடம் நின்ற நிழல் கத்தியைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்தது.

காவல் நின்ற ஆள் உட்கார்ந்துவிட்டதால், உசனார் புல்லை வெட்டி, உழுது விதைத்து, தன் பங்கை அடைத்து முடிப்பதற்குள் மாடு இறங்கி அவருடைய முளையில் பாதியைத் தின்றது. கண்ணகையின் பூமி முதல் தடவையாக முழுசாக விளைந்தது. இப்போது அந்த நாவல் மரத்தடியில், உச்சி வெயிலில், முன்னைப் போலவே சோற்றுப்பொதி ஒன்றுதான் பிரிகிறது. உசனார் பாதியைத் தின்றுவிட்டு, மற்றப் பாதியை அங்கே வந்து உட்காரும் நிழலின் பக்கம் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போவார். திரும்பி வரும்போது வாழையிலை வெறுமையாக இருக்கும்.