மூன்று நாள் சிவப்பு

இடது கைச் சுண்டுவிரல்தான், எப்போதும் அதுதான், மற்ற விரல்களெல்லாம் பட்டுக்கு உரியவை, ஊசி குத்திய நுனி சொரசொரத்துப்போனால் இழை சிக்கும் என்று சிவப்பிரகாசம் ஐந்து ஆண்டுகளாகத் தம் உடம்போடு செய்துகொண்ட ஏற்பாடு அது... விடிந்ததும் வெறும் வயிற்றோடு சர்க்கரை பார்க்கும் மெஷினில் பட்டையைச் செருகி, ஒரு குத்து, ஒரு துளி, எண்ணைக் காலண்டரில் எழுதி, விரலில் பஞ்சைச் சுற்றிக்கொண்டு கால்மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார், ஒரு பொட்டு இரத்தம் சேலையில் பட்டுவிடக் கூடாதே. இன்றைக்கு நூற்றுமுப்பத்தெட்டு. தறிக்குழியில் காலை இறக்கும்போது அந்த எண்ணை நினைத்துச் சிரித்துக்கொண்டாரே, அது இரண்டு மணி நேரத்துக்கு முன்புதானா? இப்போது கூடத்து நாற்காலியில் அவரை உட்காரவைத்திருக்கிறார்கள், வலது கால் முக்காலிமேல், எதிரே தரையில் மருமகள் பரிமளா, கையில் ஈரத்துணி. உள்ளங்காலில் ஓட்டை இருக்கிறது என்கிறாள். புளியங்கொட்டை அளவாம். யாருடைய உள்ளங்காலில்?

பலகாரத்துக்கு எழுந்து நாலடிதான் வைத்திருப்பார். "மாமா, நில்லுங்க! அப்பிடியே நில்லுங்க!" என்று தரை துடைத்துக்கொண்டிருந்தவள் கத்தினாள். திரும்பிப் பார்த்தால் சிமெண்டுத் தரையில் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு... மறுபடியும் சாயத்தை ஒழுகவிட்டாயா என்று வாய்வரை வந்துவிட்டது. ஆனால் சாயம் ஏது? அரக்குச் சிவப்புப் பட்டெல்லாம் காய்ந்து, நேற்றே சுற்றியாயிற்றே. "ஒரே காலு தடம் மாமா, வலது காலு" என்றாள். மகன் ஹேமநாத் குழிக்குள் குனிந்து பார்த்துவிட்டு, "யப்பா, மிதிகட்டையில ஆணி நீட்டிக்கினு கீது" என்றான், முகம் வெளுத்து வண்டி எடுக்க ஓடினான். ஆணி... புதன்கிழமை கட்டை ஆடுகிறதென்று தாமே அடித்த ஆணி, ஒரு நெல்மணி அளவு மேலே தலைகாட்டி நின்றதாம். புதன், வியாழன், வெள்ளி, சனி, இன்று ஞாயிறு காலை, ஒரு நாளைக்கு எத்தனை மிதி, ஆயிரமா, ஐயாயிரமா, ஒவ்வொரு மிதிக்கும் ஒரு குத்து, தமக்கு ஒன்றும் தெரியவில்லையே, எப்படித் தெரியாமல் போகும், இது என் கால்தானே? பேரனுக்கு ஒரு கதை சொல்லுவார், ஏரியில் மீன்மேல் வைத்த கண்ணை எடுக்காத கொக்கின் காலை நண்டு கொஞ்சங்கொஞ்சமாகத் தின்றதாம். பசி தீர்ந்த பிறகுதான் கொக்கு பறக்கப் பார்த்ததாம், நிற்கக் கால் இல்லையாம்... பேரன் சிரிப்பான். தாமும்தான் சிரித்தார்.

அன்றைக்கு, வியாழக்கிழமை, இதே கூடத்தில் இதே சிவப்பைப் பார்த்துப் பரிமளாவை என்னென்ன பேசினார்! படவேட்டிலிருந்து வாழைத்தாரோடு வந்திருந்த அவள் அப்பா பொன்னுசாமி காபி டம்ளரைக் கையில் வாங்கிய நேரம். "வாழத்தாரு தூக்கற கைக்குப் சாயப் பட்டத் தூக்கத் தெரியுமா? வழியெல்லாம் சாயம்! கேட்டா நான் இல்லன்னு பொய் வேற!" அந்த மனிதர் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போனார். மூன்று நாளாக அவள் துடைத்தது என் இரத்தத்தையா? துடைக்கத் துடைக்க நான் ஏசிக்கொண்டிருந்தேனா?

"உங்கப்பாவுக்குப் போன் போடும்மா."

"இப்ப எதுக்கு மாமா? வண்டி வந்துடும்."

"போடு."

போனை வாங்கிக் காதில் வைத்தார். "சம்மந்தி, சிவப்பிரகாசம் பேசறேங்க. அன்னிக்கு ஒழுகனது சாயமில்லீங்க, என் ரத்தம். கால்ல ஆணி குத்திக்கினே இருந்திருக்குது, எனக்குத் தெரியல. உங்க பொண்ணு சொன்னதுதான் நெஜம். உங்க எதிர்ல பேசினேன், அதான் உங்க கிட்டயே சொல்றேன், தப்பு என்னுது. மன்னிச்சுக்குங்க." பொன்னுசாமி, "மொதல்ல ஜல்தியா ஆஸ்பத்திரிக்குப் போங்க சம்மந்தி. பேச்சு அப்பால" என்றார். பரிமளா நிமிரவில்லை, துணியைப் பிழிந்த கை மட்டும் அப்படியே நின்றிருந்தது.

சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. போன வருஷம் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்புபோல ஒன்றால் அந்த நர்ஸ் பெண் பாதத்தைத் தொட்டுத் தொட்டுத் தெரியுதா தெரியுதா என்று கேட்டாள், தாம் இமையிடுக்கால் பார்த்துப் பார்த்துத் தெரியுது தெரியுது என்றார், தேறிவிட்ட பெருமை வேறு... அதையும் சொன்னார். பரிமளா துணியைக் கீழே வைத்தாள். "இப்ப நெஜமா மூடுங்க மாமா. தொட்டா சொல்லுங்க."

இறுக்க மூடிக்கொண்டார். தெருவில் எங்கோ தறி ஓடும் சத்தம், கல்லில் கருகும் தோசை வாசனை, எல்லாம் தெரிந்தது. காத்திருந்தார். இன்னும் காத்திருந்தார்.

"எப்பம்மா தொடப் போற?"

"தொட்டுக்கினுதான் மாமா இருக்கேன்." அவள் இன்னும் அழுத்தினாள். "இது இடது காலு."