பத்து நிமிடப் பார்வை நேரம்

அச்சகத்தில் பிழை திருத்தும் அந்த மனிதருக்கு விளம்பரம் என்றாலே வேப்பங்காய். கம்ப்யூட்டரைத் திறந்தால் போதும், திடீர் திடீரென்று ஒரு பெட்டி முளைக்கும். பரிசு விழுந்தது என்னும், வைரஸ் புகுந்தது என்னும். ஒருமுறை நம்பி அழுத்தியதில், இரண்டு வருட வேலை அத்தனையும் அழிந்துபோனது. அன்றைக்கே மெக்கானிக்கைக் கூப்பிட்டு, ஈ எறும்புகூட நுழையாதபடி அடைக்கச் சொன்னார். அதிலிருந்து, எத்தனை தடுத்தது என்று திரையின் மூலையில் ஓர் எண் ஏறும். "இன்னிக்கு நாப்பது பேர வாசலோட அனுப்பியாச்சு!" என்று மனைவியிடம் பீற்றிக்கொள்வார்.

அவருடைய அக்கா ஆஸ்பத்திரியில், தொற்று வார்டில் கிடந்தாள். யாரும் உள்ளே போகக் கூடாது. நாலு பத்துக்கு மயக்க மருந்து கொடுத்துத் தொண்டையில் குழாய் போடப்போகிறார்கள். பிழைப்பாளா என்று டாக்டருக்கே தெரியாது. அதற்கு முன் பத்து நிமிடம் ஆஸ்பத்திரியின் வலைத்தளத்தில் முகம் பார்த்துப் பேசலாம்; பட்டனை அழுத்தினால் அதற்கென்று ஒரு பெட்டி திறக்கும். அம்மாவின் சாவுக்குத் தாமதமாக வந்தாள் என்று, "இனிமே என் வாசப்படி மிதிக்காத" என்று ஊர் முன்னால் அக்காவைத் துரத்தியவர் இவர்தான். மூன்று வருடமாகப் பேச்சில்லை. இன்று மன்னிப்புக் கேட்டே ஆகவேண்டும்.

சரியாக நாலு மணிக்கு, 'நோயாளியைப் பார்க்க' என்ற பட்டனை அழுத்தினார். ஒன்றும் திறக்கவில்லை. மறுபடி அழுத்தினார். ம்ஹூம். மூலையில் எண் மட்டும் ஏறியது.

"இந்த நேரத்துலயும் விளம்பரம் அனுப்புறானுங்க பாரு, பாழாப்போறவனுங்க!"

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். அது ஆடி அசைந்து எழுவதற்குள் மூன்று நிமிடம் போயிற்று. மறுபடி மறுபடி அழுத்தினார். "அக்கா, இரு, இதோ வந்துட்டேன்" என்று வெறும் திரையிடம் கெஞ்சினார்.

பின்னால் நின்ற மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, நீங்க அமுக்குறப்பல்லாம் அந்த நம்பர் ஏறுது."

"அதான் தடுக்குதே!"

"ஐயோ, விளம்பரத்த இல்லங்க. உங்க அக்காவத்தான் தடுக்குது!"

அவருக்குப் பகீரென்றது. ஊரார் எழுத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் பிடிக்கிற கண், இதில் கோட்டை விட்டுவிட்டதே! அடைக்கச் சொன்னவருக்குத் திறக்கத் தெரியவில்லை. மெக்கானிக் போனில் சொல்லச் சொல்ல மனைவிதான் ஒவ்வொன்றாக நீக்கினாள்.

பெட்டி திறந்தபோது மணி நாலு பதினாலு. அக்கா தெரிந்தாள், கண் மூடியபடி.

"இப்பதான் சார் மருந்து குடுத்தோம்" என்றாள் நர்ஸ். "பத்து நிமிஷமும் இந்தத் திரையையேதான் பாத்துட்டு இருந்தாங்க."

"நாலு மணிலேருந்து இங்கதாம்மா இருக்கேன்! ஏதாவது சொன்னாளா?"

நர்ஸ் தயங்கினாள். "'அவனுக்கு இன்னும் கோவம் தீரல, விடுங்க'ன்னாங்க."

"இல்லக்கா! இல்லக்கா!" என்று திரையைப் பிடித்து உலுக்கி அலறினார். உள்ளே குழாயோடு டாக்டர் வந்துவிட்டார். நர்ஸ் கேமராவை அணைத்தாள்.