நான் சொன்ன சிறுத்தை

மாரா புல்வெளியில் வெளியூர்க்காரர்களுக்கு விலங்கு காட்ட வண்டி ஓட்டுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எவன் கண்ணில் விலங்கு பட்டாலும் வயர்லெஸ்ஸில் சொல்லிவிட வேண்டும். சொல்லாதவனுக்கு அடுத்த நாள் யாரும் சொல்ல மாட்டார்கள். முப்பத்தொரு வருஷமாக நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு அந்த வழக்கத்தின் மேல் நம்பிக்கை கிடையாது. மனிதர்கள் மேலும் அவ்வளவாகக் கிடையாது.

அன்றைக்கு என் வண்டியில் ஒரே ஒரு ஆள். போலந்துக்காரி, யட்விகா என்று பெயர். ஊரில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவள். பின்னால் அத்தனை சீட்டும் காலியாகக் கிடக்க, என் பக்கத்தில்தான் உட்காருவாள். நான் கியர் மாற்றுவதைக்கூட விடாமல் பார்ப்பாள். அவளுக்கு ஒரு சிறுத்தையைப் பார்க்க வேண்டும். மூன்று நாளாக, "நாளைக்கு நிச்சயம் பாக்கலாம்" என்று சொல்லி ஓட்டிவிட்டேன். அன்று கடைசி நாள்.

காலை எட்டு மணிக்குக் கரையான் புற்றின் மேல் ஒரு சிவிங்கிப்புலி உட்கார்ந்திருந்தது. கீழே மூன்று குட்டிகள். தாயின் வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. தள்ளியே நிறுத்தி எஞ்சினை அணைத்தேன்.

"சிறுத்தையா?" என்றாள்.

"சிவிங்கிம்மா. கண்ணுலேருந்து வாய்வரைக்கும் கறுப்புக் கோடு போகுது பாருங்க. சிறுத்தைக்கு அது கிடையாது."

"இது ஏன் பகல்ல வேட்டையாடுது?"

"ராத்திரியில புடிச்சா கழுதைப்புலி புடுங்கிக்கும்."

"பகல்ல?"

"பகல்ல நாங்க வந்து கெடுத்துடுவோம்."

பொய்யில்லை. போன வாரம் இதே சிவிங்கியைப் பதினாறு வண்டி சுற்றி நின்றது. மூன்று தடவை பாய்ந்து மூன்று தடவையும் வெறும் வாயோடு திரும்பியது. குட்டி அப்போது நாலு.

வயர்லெஸ் கரகரத்தது. லெமயான், இன்னொரு வண்டிக்காரன், வாய் அடங்காத பயல்.

"பெரிசு! ஏதாச்சும் ஆப்புட்டுச்சா, இல்ல ஸ்டியரிங்கைக் கட்டிப் புடிச்சுத் தூங்குறியா?"

சிவிங்கி எழுந்து நின்றது. இருநூறு அடி தள்ளி ஒரு மான் மேய்ந்துகொண்டிருந்தது. மைக்கை எடுத்தேன்.

"கிழக்கு ஓடை, பெரிய அத்திமரம். மேல் கிளையில சிறுத்தை."

"நிஜமாவா?"

"நான் என்னிக்குடா பொய் சொன்னேன்?"

தூரத்தில் வண்டிப் புழுதியெல்லாம் கிழக்கே திரும்பியது.

"என்ன சொன்னீங்க?" என்றாள் யட்விகா.

"மழை வருமான்னு கேட்டான்."

சிவிங்கி புல்லோடு புல்லாக நகர்ந்தது. மான் தலையைத் தூக்கினால் நின்றது, குனிந்தால் நடந்தது. குட்டிகள் அசையவில்லை. அதை அவற்றுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு ஒரே ஓட்டம். புழுதி அடங்கியபோது மான் அதன் வாயில் இருந்தது. ஆனால் தின்னவில்லை. விலா துடிக்க மூச்சு வாங்கிக்கொண்டு குட்டிகளைக் கூப்பிட்டது.

"குருவி மாதிரி கத்துதே!" என்று யட்விகா என் கையைப் பிடித்தாள்.

மறுபடி வயர்லெஸ். வசவுக்குத் தயாரானேன்.

"பெரிசு, உன் காலைக் காட்டு, கும்பிடுறேன்! மானை மரத்து மேல தூக்கி வச்சுட்டு, வாலைத் தொங்கப் போட்டுப் படுத்திருக்கு! நீ ஏன் இங்க இல்ல?"

வண்டிகளைத் திசைதிருப்ப வாய்க்கு வந்த மரத்தைச் சொல்லியிருந்தேன். அந்த மரத்தில் சிறுத்தையைக் கண்டு இரண்டு வருஷம் ஆகிறது.

மறைத்திருக்கலாம். வயர்லெஸ்ஸில் நாங்கள் பேசும் பாஷை அவளுக்குத் தெரியாது. ஆனாலும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிவிங்கியைப் பார்த்தாள்.

"இப்ப வண்டியக் கிளப்பினா?"

"மெரண்டு போயிடும். இன்னும் ஒரு வாய் திங்கல."

சாவியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

குட்டிகள் முகமெல்லாம் ரத்தமாகி, வயிறு உருண்டு, ஒன்றன்மேல் ஒன்று சரிந்து படுத்தபோது வெயில் ஏறிவிட்டது. இதற்குள் லெமயான் சொல்லிவிட்டான். வண்டிச் சத்தம் தாங்காமல் சிறுத்தை இறங்கிப் புதருக்குள் போய்விட்டதாம்.

அவள் சாவியை நீட்டினாள். "என்கிட்ட மொத்தம் எத்தன பொய் சொன்னீங்க?"

"ஒண்ணுதான். மழை."

"அப்ப அந்த 'நாளைக்கு நிச்சயம்' எதுல சேத்தி?"

சாவியை வாங்கிக் கிழக்கே ஓட்டினேன். மரத்தடி முழுக்கச் சக்கரத் தடம். மேல் கிளையில் ஒரு மான் கால் மட்டும் தொங்கியது. அவ்வளவு உயரத்துக்கு எப்படித் தூக்கியிருக்கும் என்று இரண்டு பேரும் கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம்.