புள்ளி வைத்த கோப்புறை

மொழிபெயர்ப்பாளர் மின்னஞ்சல் நிரலைத் திறந்தார். அது புதிதாய் வந்தது போல, "உங்கள் முகவரி என்ன?" என்று கேட்டது. பதினோராண்டுக் கடிதங்களுள் ஒன்றையும் காணோம். நண்பகலுக்குள் பதிப்பகத்துக்கு அனுப்பவேண்டிய திருத்தங்களும் அவற்றுள்தாம் இருந்தன. அவருக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது.

"என்னங்க! என் கம்ப்யூட்டர்ல என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"ஒளிஞ்சு கிடந்த குப்பையக் கூட்டினேன்," என்றார் கணவர் பெருமிதத்தோடு. "கன்ட்ரோலையும் ஹெச்சையும் அமுக்கினா, பேருக்கு முன்னாடி புள்ளி வச்ச ஃபோல்டரா வந்து நிக்குது. இருக்கறதுலயே பெருசைத் தூக்கிட்டேன்."

"என் பொழைப்பே அதுக்குள்ளதான் இருக்கு! உங்கள மாதிரி ஆளு கை வைக்கக்கூடாதுன்னுதானே அதை மறைச்சு வச்சிருக்கான்!"

"ஏன் குதிக்கிற? குப்பைத்தொட்டியிலதான் கிடக்கு. டீ குடிச்சிட்டுக் காலி பண்ணலாம்னு விட்டேன்."

"அந்த டீக்கு ஒரு கும்பிடு!"

மொழிபெயர்ப்பாளர் நிரலை மூடினார். அது புதிதாய் உண்டாக்கியிருந்த வெற்றுக் கோப்புறையை நீக்கிவிட்டுப் பழையதை மீட்டார். கடிதங்கள் அனைத்தும் திரும்பின. திருத்தங்களை அனுப்பிய பின்னும் அவருடைய கோபம் தணியவில்லை. கணவருக்கெனத் தனிப் பயனர் கணக்கொன்றை உருவாக்கி, தம்முடைய கடவுச்சொல்லையும் மாற்றினார்.

"இந்தாங்க, இது உங்க இடம். எவ்வளவு வேணாலும் கூட்டிக்கோங்க!"